ஏழு கடை இறால் வாடா

முதல் சம்பளம் வாங்கிய அன்று அப்பாவைத் திருமலைராயன்பட்டினத்துக்கு அழைத்துக்கொண்டு போய் இறால் வாடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றார். டீயைக் குடித்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டை நோக்கி எதுவோ வந்துகொண்டிருந்ததற்கு அதுதான் முதல் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடைக்காரரின் கைப்பக்குவம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாடாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது உளுந்து வடை இல்லை. பச்சரிசி மாவில் கொஞ்சம் சோற்றையும் சோம்பையும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே வெங்காயமும் தேங்காய்ப்பூவும் வைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் ஓர் இறாலை அழுத்திப் பதித்து எண்ணெயில் போடுவார்கள். ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். நடு மெத்தென்று இருக்கும். முஸ்லிம் வீட்டு அடுப்பில் பிறந்த பண்டம். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. அப்போது காரைக்காலிலும் பட்டினத்திலும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் சட்டி காய ஆரம்பிக்கும், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் கண்ணாடிப் பெட்டி காலியாகிவிடும்.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்தே அந்தப் பட்டினத்துக் கடை எங்களுக்குப் பழக்கம். அப்பா வாடாவைக் கையில் வாங்கியதும் கடிக்க மாட்டார். மூக்குக்குக் கீழே ஒரு நிமிஷம் பிடிப்பார். அப்புறம் இறாலை மட்டும் நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு, இது ஆத்து வாய் இறாலு என்பார். இல்லையென்றால், இது தெக்க வெட்டாத்துப் பக்கம் புடிச்சது என்பார். ஒருநாள், இது ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்தது, பாய் நம்மள ஏமாத்துறாரு என்று சொன்னபோது கடைக்காரர் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, இந்த மனுசனுக்கு நான் இனிமே வாடா விக்க மாட்டேன் என்று சிரித்தார். ஒருமுறைகூட அப்பா தப்பாகச் சொன்னதில்லை.

அது வேடிக்கைக்காகச் செய்கிற வித்தை இல்லை. அந்த மூக்கை நம்பித்தான் நாலு பேர் கடலுக்குப் போனார்கள். எங்கள் கட்டுமரத்தில் அப்பா, அண்ணன், பங்காளிகள் இரண்டு பேர். அப்பாதான் முன்னால் நிற்பவர். மத்திக் கூட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் நெய் வாசம் அவருக்கு வந்துவிடும். மழை மூட்டத்தில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாதபோது கையில் கடல் தண்ணீரை அள்ளி முகர்வார். அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் நெரவிப் பக்கத்து வயல் சேறும் அழுகிய வைக்கோலும் தண்ணீரோடு கலந்து வரும். அந்த வாசம் பட்டதும், இந்தாண்ட திருப்பு என்பார். ஆற்று வாய்க்கு வடக்கே எங்கள் குப்பம். வாசத்தைப் பிடித்துக்கொண்டால் வீடு வந்துவிடும்.

குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பெரியவர்கள் இன்னமும் மேரி என்று சொல்கிற நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே ஓர் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். பிரஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களின் பென்ஷன் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்கும் இடம். படித்ததன் அடையாளமாக நான் செய்த முதல் காரியம் அப்பாவை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தது. அண்ணன் கடைசிவரை 'நீ' என்றுதான் சொன்னான். அப்பாவுக்கு என்னுடைய 'நீங்க' பிடிக்கவில்லை. வெளியாள் ஒருத்தன் வீட்டுக்கு வந்து போற மாதிரி இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாராம்.

பட்டினத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "உப்பு இருக்கு, ஒறப்பு இருக்கு. வேற என்னா இருக்கு அதுல" என்றார்.

என் முதல் சம்பளத்து வாடா அப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தம். மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். பட்டினத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். பாய் என்று கூப்பிடுவேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய ஊரின் மானம் போன மாதிரி பேசினார். பிறகு, காரைக்கால் வட்டாரத்தில் வாடா போடும் நல்ல கடைகள் எவை என்று ஒரு பழைய மனுவின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கடை என்று முடிவு செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மாவுக்கு இருபத்தைந்து, உள்ளே வைக்கும் வெங்காயத்துக்கு இருபத்தைந்து, இறாலுக்கு இருபத்தைந்து, எண்ணெய்க்கு இருபத்தைந்து என்று கட்டம் போட்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பரீட்சை எழுதுனவன் கையி சும்மா இருக்குமா, வாடாவ ஃபெயில் பண்ணி வீட்டுக்கு அனுப்பப் போறான், என்றார்.

பஸ் ஸ்டாண்டு கடை எழுபத்திரண்டு வாங்கியது. ஓரம் நன்றாக நொறுங்கியது, இறால் சின்னது. அப்பா ஒன்று தின்றுவிட்டு இரண்டாவதை எனக்குத் தள்ளினார். பெரிய பள்ளிவாசல் தெருக் கடைக்கு எண்பத்தாறு கொடுத்தேன். அங்கே இறாலுக்கு மேல் மிளகுத்தூள் தட்டிப் போடுவார்கள். எனக்கு நாக்கிலேயே நின்றது. அப்பா கண்ணில் தண்ணீர் வர, காரம் என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர புரிந்துகொள்ளவில்லை. வாடாவைக் கையில் வாங்கியதும் அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோகவில்லை. நேராக வாய்க்குப் போனது.

நாலாவது, மாதா கோயில் வீதி முனையில் இருந்த கடை. பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்து போகிறவர். என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் சைகோன்ல தவளை தின்னேன், அல்ஜீரியாவுல ஒட்டகம் தின்னேன், யாரும் எனக்கு மார்க் போடச் சொல்லித் தரல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரித்து ஒரு கணம் கழித்துத்தான் சிரித்தார். அந்த நாட்களில் எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான் இருந்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் மதியம் வீட்டில் மீன் குழம்பு அடியோடு கருகிப்போனது. அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்தபோது தெரு முனையிலேயே தீய்ந்த நாற்றம் அடித்தது. உள்ளே போனால், அப்பா அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து தூண்டில் கோர்த்துக்கொண்டிருந்தார். சட்டியிலிருந்து கரும்புகை. அவர் முதுகு அடுப்புப் பக்கம். நான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன். அம்மா வந்து, மனுசனுக்கு இவ்ளோ யோசனையா, வீடு பத்திக்கிட்டாலும் தெரியாது போலருக்கு என்று திட்டினாள். அப்பா, ஏதோ நெனப்பு என்றார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை எங்கள் மரம் கரைக்கு வரவில்லை. மற்றவர்கள் பத்து மணிக்குள் வந்துவிட்டார்கள். எங்களுடையது மதியத்துக்கு மேல், வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் கரையேறி, அங்கிருந்து கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. மூட்டம் போட்டிருந்ததாம். நீவாடு என்று நாங்கள் சொல்லும் நீரோட்டம் இழுத்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். நான் நம்பினேன். ஆனால் பங்காளிகளில் ஒருவர் வலையை உதறிக்கொண்டே, நீவாடு தெக்கத்தான போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? சனிக்கிழமை அடுத்த கடைக்குப் போனேன். ஒருத்தருக்குச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை என்றால் குற்றம் சாப்பாட்டில் இருக்கும் என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். மீன் பழசு, எண்ணெய் பழசு, உப்பு அதிகம். கடல்காரன் நாக்கில் குற்றம் இருக்கும் என்று எவனும் நினைக்க மாட்டான். படித்திருந்தும் எனக்கும் அந்தப் புத்திதான் இருந்தது. நெரவி முக்கில் இருந்த ஐந்தாவது கடையில் வயல் வேலைக்காரர்களுக்காகப் பெரிது பெரிதாக, எண்ணெய் சொட்டச் சொட்டப் போட்டார்கள். ஐம்பத்தெட்டு மார்க். ஆறாவது ஒரு கடையே இல்லை. பாய் வீட்டில் அவருடைய உம்மாவே போட்டுக் கொடுத்து, தூக்குச் சட்டியில் சூடாக அனுப்பினார்கள். அதற்குத் தொண்ணூற்றாறு. நாலு மார்க் ஏன் குறைத்தாய் என்று பாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவும் அண்ணனும் சட்டியைத் துடைத்துத் தின்றார்கள். அப்பா ஒன்றை எடுத்து, பாதியை நாய்க்குப் போட்டார்.

ஏழாவது, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்துக் கடை.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்து, ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. சனிக்கிழமை கொஞ்சம் வெறித்தது. அப்பாவே, வாடா எங்கடா இன்னிக்கு என்று கேட்டார். நான் சந்தோஷப்பட்டேன். ஒருத்தரும் கடலுக்குப் போகாதபோது இறால் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். பழைய நாளாக இருந்தால் அப்பா கடை வாசலிலேயே நின்று அதைக் கேட்டிருப்பார்.

அவர் ஒன்றை முழுசாகத் தின்று முடித்திருந்தார். நான் ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் கடித்தேன். கெட்டுப்போன இறாலுக்கு ஒரு நாற்றம் உண்டு. மூத்திரச் சந்தில் நுழைந்த மாதிரி, கண் வரைக்கும் ஏறும். வாயில் இருந்ததை அப்படியே தரையில் துப்பினேன். நிமிர்ந்து பார்த்தால், அப்பா இரண்டாவது வாடாவை எடுத்து, இறாலோடு சேர்த்துக் கடித்து மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

"என்னாடா" என்றார்.

"கல்லு" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையால்தான். வாயில் இருப்பது என்ன என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மென்று விழுங்கினார். கையில் இருந்த மீதியையும் தின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கருகிய சட்டி, தரங்கம்பாடி, மூக்குக்குக் கீழே போகாத வாடா எல்லாம் வீட்டுக்குத் திரும்பி நடந்த அந்த ஒரு மைல் தூரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பா எனக்கு முன்னால் குடையில்லாமல் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணனும் பங்காளிகளும் வரிசையாக நடப்பது போல எனக்குத் தோன்றியது. அவர் திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவுக்கு என்று சொல்லாமல் ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். டாக்டர் உடனே கேட்டார், பின்மண்டையில் அடி பட்டதுண்டா என்று. ஆனி மாதம் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைக்கும்போது ஒரு கட்டை உருண்டு அப்பாவின் பின்மண்டையில் அடித்து, அரைநாள் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்ததும் கஞ்சி குடித்தார், மறுநாள் கடலுக்குப் போனார். நாங்களும் மறந்துவிட்டோம். வாசம் போனால் ருசியும் போகும், உப்பு, புளி, இனிப்பு, காரம் மட்டும் நிற்கும் என்றார் டாக்டர். இத்தனை மாதம் ஆகியும் வரவில்லையென்றால் இனி வருவது கஷ்டம் என்றார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரத்தில் முன்னால் நிற்பவரைப் பின்னால் போ என்று யாரும் சொல்லக் கூடாது. மகனாக இருந்தாலும் கூடாது. அவராகத் துடுப்பை மாற்றிக் கொடுக்கும் வரைக்கும் அது அவருடைய இடம். பிடுங்கிய இடத்தில் நிற்பவனோடு எவனும் சேர்ந்து போக மாட்டான். அதனால் நான் அண்ணனிடம் போகவில்லை. அப்பாவிடம் போனேன்.

கரையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. விடிந்தால் கடலுக்குப் போவதாகப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கு நீங்க தின்னது நாறிப்போன இறாலு" என்றேன்.

கயிறு முறுக்குவதை அவர் நிறுத்தவில்லை. "தெரியும். நீ துப்புனப்பவே தெரியும்."

கட்டை விழுந்ததிலிருந்தா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு அவராகவே சொன்னார். முதலில் சளி என்று நினைத்தாராம். ஒரு மாதம் போனதும் பயம் வந்ததாம். தண்ணீரின் நிறம், அலை விழும் விதம், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டில் ஒட்டி வரும் மண், இதெல்லாம் இன்னும் கையில் இருக்கிறது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். தண்ணீரை அள்ளி முகர்கிற மாதிரி இப்போதும் செய்கிறாராம். மற்றவர்கள் பார்ப்பதற்காக. ஆற்று முகத்தில் உப்புக் குறைவதை நாக்கு சொல்லும். ஆனால் மழை பெய்தால் எல்லா ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடும், எந்த ஆறு என்று நாக்குக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்குப் போனது அப்படித்தான்.

நான் சொன்னேன், இனிமேல் நீங்கள் முன்னால் நிற்கக் கூடாது என்று. அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள் என்று. உங்கள் பின்னால் மரத்தில் மூன்று உயிர் இருக்கிறது என்று ஆபீஸ் மனுவில் எழுதுகிற மாதிரி ஏதோ சொன்னேன்.

"தை பொறக்கட்டும்" என்றார். "நானே குடுத்துடுறேன். இந்த மழக்குள்ள அவன் கையில குடுத்தா அவன் தாங்க மாட்டாண்டா."

அதை நான் வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். இடத்தை விட மனமில்லாதவர் சொல்லும் சாக்கு என்று. தை பிறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அண்ணனுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லாதே என்றார். சரி என்றேன்.

அன்று இரவு படுத்தேன், தூங்கினேனா என்று நினைவில்லை. கீழ்வானம் வெளுக்கும்போது கரையில் நின்றேன். கடல் கறுத்து, சத்தமில்லாமல், எண்ணெய் ஊற்றி வைத்தது போல் இருந்தது. மரம் பாதித் தண்ணீரில். அப்பா முன்னால், கையில் துடுப்பு. பங்காளிகளில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, என்னா ஆபீசர் சாரு, இன்னிக்கு நம்மளோட டூட்டிக்கு வர்றீங்களா என்றார். அண்ணன் சிரித்தான். மரத்தைத் தள்ள எல்லோரும் குனிந்தார்கள்.

"அண்ணே" என்றேன். "அப்பாவுக்கு வாசம் தெரியாது. ஆனியிலேருந்து தெரியாது."

குனிந்தவர்கள் நிமிரவில்லை. தண்ணீர் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. பங்காளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் முன்பே ஏதோ பேச்சு ஓடியிருந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அண்ணன்தான் கடைசியாக நிமிர்ந்தான்.

"என்னாப்பா சொல்றான் இவன்?"

அப்பா மரத்திலிருந்து இறங்கினார். துடுப்பை அண்ணன் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் என்னைக் கடந்து போகும்போது, நிற்காமல், "படிச்சவன் சொல்லிட்டான்ல" என்றார்.

அவர்கள் மூன்று பேராகப் போனார்கள். அப்பா வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கரைமேட்டில் ஏறி, கடலைப் பார்த்து நின்றார். நான் பக்கத்தில் போனால் நாலடி தள்ளிப் போனார். எட்டு மணிக்கு, நான் ஆபீஸுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கிழக்கே மூட்டம் இறங்க ஆரம்பித்தது. முதலில் தூரத்துக் கட்டுமரங்களின் பாய்கள் மறைந்தன. பிறகு தூரமே மறைந்தது. தூற்றல் விழுந்தது. ஒவ்வொரு மரமாக மூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்து கரையேறியது. ஒவ்வொன்றையும் அப்பா ஓர் அடி முன்னால் வைத்துப் பார்த்து, பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்தார். பதினோரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்களுடையது வரவில்லை.

அம்மா வந்தாள். விஷயம் குப்பம் முழுவதும் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து, எங்களிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியை என்னால் இன்றைக்கும் அளந்து காட்ட முடியும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார்கள். இந்தமுறை நீவாடு தெற்கே, நாகூரையும் தாண்டி இழுத்துப் போயிருந்தது. வேறு ஊர் மரக்காரர்கள் கண்டு, வழி காட்டிவிட்டிருக்கிறார்கள். பங்காளிகள் இருவரும் நேராக வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் மணலில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அள்ளி அள்ளி மோந்தேண்டா. எனக்கு ஒண்ணும் தெரியல. அப்பா இருக்காருன்னு நான் ஒரு நாளும் மோந்து பாத்ததே இல்ல."

அவனுக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. பாய் வீட்டு வாடா வந்தபோது சட்டியைத் திறப்பதற்கு முன்பே சோம்பு என்று சொன்னவன். ஆனால் பதினைந்து வருஷமாக அவன் முன்னால் ஒரு முதுகு இருந்தது. அந்த முதுகு சொன்ன பக்கம் துடுப்புப் போட்டான். அப்பா அதை அறிந்துதான் தை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் வாசம் தெரியாத ஒருவர் முன்னால் நின்றார். அவரை இறக்கிவிட்டு, வாசம் தெரிந்தும் அது எந்த இடத்து வாசம் என்று தெரியாத ஒருவனை நான் நிறுத்தினேன். அவர் இன்னும் கையில் வைத்திருந்த நிறம், அலை, மண் எல்லாவற்றையும் அவரோடு சேர்த்துக் கரையில் இறக்கிவிட்டேன்.

மறுநாள் விடியலில் நான் போவதற்கு முன்பே அப்பா கரையில் இருந்தார். பங்காளிகளில் ஒருவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா மரத்தின் பின்னால், அண்ணன் ஐந்து வயதில் முதன்முதலாக உட்கார்ந்த இடத்தில், ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முன்னால் நின்றான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானே மரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளிவிட்டேன்.

அலை தாண்டியதும் அண்ணன் குனிந்து தண்ணீரை அள்ளினான். அப்பாவின் குரல் கரை வரைக்கும் கேட்டது. "என்னா வருதுன்னு மட்டும் நீ சொல்லு. எங்கன்னு நான் சொல்றேன்."

"ஒண்ணும் வரலப்பா."

"வரும். மறுபடி அள்ளு."

மறுபடி அள்ளினான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. மூட்டம் அன்றைக்கும் இருந்தது, மரம் அதற்குள் போய்விட்டது.

அன்றைக்கு வந்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் தை பிறக்கும் வரைக்கும், மழை விட்ட ஒவ்வொரு நாளும் போனார்கள், ஒவ்வொரு நாளும் வருவார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்பா என்னோடு பேச ஆரம்பிக்க மார்கழி ஆனது. நோட்டில் ஏழாவது கடைக்குக் கட்டம் போட்டிருந்தேன், மார்க் எழுதவில்லை. காலையில் மரம் கண்ணில் பட்ட பிறகுதான் சட்டை மாற்றுவேன். ஆபீஸில் மூன்று முறை லேட் மார்க் போட்டு, இனி இப்படி வந்தால் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு மறுநாளும் கரையில்தான் நின்றேன்.